சம்பந்தி ஓம் என்று போட்ட நிலம்

என் சம்பந்தி குடியிருந்த வீட்டை விற்றுவிட்டு, வரைபடத்தில் மட்டும் இருந்த ஓர் ஊருக்குக் குடிபோனார். இத்தாலியில், பலெர்மோ நகரத்துக் கபோ சந்தையில் என் கடைக்கு வருகிற எங்கட சனத்துக்கு இதைச் சொன்னால், "ஐயா, கதை விடாதேங்கோ" என்று சிரிக்கிறார்கள். கதை இல்லை. என் கண் பார்க்க, போனில், நடந்தது. போகிற அன்றைக்கு என்னிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுத்தான் போனார்.

நான் ஐந்தாம் வகுப்புக்கு மேல் பள்ளிக்கூடம் போகாதவன். சொல்ல வெட்கமில்லை. பலெர்மோவில் வந்து இறங்கியபோது காலை வணக்கம் சொல்லக்கூட எனக்கு இந்தப் பாசை தெரியாது. மீன் பெட்டி கழுவினேன், மாடிப்படி துடைத்தேன், நடக்க ஏலாத ஒரு சின்ஞோராவை, இத்தாலியக் கிழவியை, பிள்ளை மாதிரித் தூக்கிப் பராமரித்தேன். இன்றைக்குச் சந்தைக்குள் சொந்தக் கடை. மரவள்ளியும் முருங்கைக்காயும் கருவாடும் வேண்டுமென்றால் எங்கட ஆட்களும் மொரிசியஸ் தமிழரும் என்னிடம்தான் வரவேண்டும். ஒரேத்தோவில் சொந்த வீடு. பட்டம் பெற்று வந்தவர்கள் சிலர் இன்னும் ஆரோ ஒருவரின் படிக்கட்டைத் துடைத்துக்கொண்டிருக்கிறார்கள். இளக்காரமாகச் சொல்லவில்லை. மூளை வேறு, படிப்பு வேறு. நான் பெருமை பேசுகிறேன் என்று என் மனுசி சொல்லுவாள். பேசத்தான் செய்கிறேன். என்னைப் பற்றி வேறு ஆர் பேசப்போகிறார்கள்? இந்தப் பெருமையெல்லாம் சம்பந்திக்கும் சொல்லியிருக்கிறேன். அவர் என் சொல்லை நம்பியது அதனால்தான். ஆகவே இதை இங்கே விட்டுவிட்டு எழுத முடியாது.

மகன் இந்த ஊரில் பிறந்தவன். அவன் கட்டியது வெனிசுவேலாவில் பிறந்த பிள்ளையை. அவளுடைய அப்பப்பாவும் அப்பம்மாவும் எங்கட பலெர்மோ இருக்கிற இந்தச் சிசிலித் தீவு ஆட்கள். முந்தின காலத்தில் பிழைப்புத் தேடிக் கப்பலேறிப் போனவர்கள். அங்கே சீவியம் இறுகிப்போக, பேத்தி அந்தக் கிழவன் கிழவியின் பதிவுகளைக் காட்டி இத்தாலியப் பிரசையாகத் திரும்பி வந்தாள். கால்சாவில் ஒரு வயோதிபரைப் பார்க்கிற வேலை. அந்தக் கட்டடத்துக்கு லிப்ட் திருத்தப் போனான் என் மகன். லிப்டும் ஓடியது, இதுவும் ஓடியது. கேள்விப்பட்டவுடன் மனுசி சாப்பாட்டைத் தள்ளி வைத்துவிட்டுப் படுத்தாள். இப்போது மருமகள் வேலையால் வராமல் மனுசி சாப்பாட்டுக் கோப்பையில் கை வைக்கமாட்டாள்.

மருமகளுக்குத் தாய் இல்லை. தகப்பன் மட்டும்தான். அவர் அந்த நாட்டின் கிழக்குப் பக்கத்தில், காடு தொடங்குகிற இடத்தில் இருக்கிற ஒரு சின்னப் பட்டினத்தில் லொறி திருத்துகிறவர். கலியாணத்துக்கு வர முடியவில்லை. சபையில் சம்பந்திக்கென்று ஒரு கதிரை போட்டு, அதன்மேல் போனை நிறுத்தி வைத்தோம். நான் எழும்பிப்போய்ச் சந்தனம் காட்டி, கற்கண்டு காட்டி, மாலையையும் போட்டேன். போன் குப்புற விழுந்தது. நிமிர்த்தினால் அவர் அங்கே விழுந்து விழுந்து சிரிக்கிறார். பன்னீர்ச் செம்போடு வந்த பிள்ளையைப் பார்த்து மனுசி, "அங்காலை போ, சம்பந்தி நனைஞ்சு போவார்" என்று கத்தினாள். சபை முழுக்கச் சிரிப்பு.

அன்றையிலிருந்து ஞாயிறு தோறும் நாங்கள் இரண்டு பேரும் கதைப்போம். எங்களுக்கு மத்தியானம் திரும்பிய நேரம், அவருக்குக் காலமை. என்ன பாசை என்று கேட்பீர்கள். சிசிலியானோ, இந்தத் தீவின் பேச்சு. நான் இத்தாலியன் பழகமுன் சந்தையில் பழகியது அது. அவர் தாயின் வாயால் பழகியது அது. எங்கட பிள்ளைகளுக்கே பாதி விளங்காது. மருமகள் சொல்லுவாள், இரண்டு பேய்கள் கதைக்கிற மாதிரி இருக்கிறதாம். என்னை அவர் 'கும்பாரி' என்பார். இந்த ஊரில் உடன்பிறவாத உறவுக்காரனை அப்படித்தான் கூப்பிடுவார்கள். நான் அவரை நீங்கள் போட்டுத்தான் கதைப்பேன். சம்பந்தி என்றால் சம்பந்திதான், வெள்ளைக்காரர் என்றாலும். அவர் சொன்னவற்றை எங்கட பேச்சிலேயே எழுதுகிறேன். எனக்கு அது அப்படித்தான் ஞாபகம்.

"கும்பாரி, நான் காட்டு ரோட்டிலை ஒரு லொறி இஞ்சினை முழுசாய்க் கழட்டிப் பூட்டினனான். வெளிச்சத்துக்கு நெருப்புப்பெட்டி மட்டும்."

"அது என்ன பெரிய வேலை? நான் பாசை தெரியாமலே ஒரு சின்ஞோராவோடை சண்டை பிடிச்சு வெண்டனான்."

"பொய்."

"உங்கட நெருப்புப்பெட்டி மெய்யெண்டால் என்ர சின்ஞோராவும் மெய்."

இப்படித்தான். ஊரில் எனக்குக் கூடப்பிறந்தவர்கள் இருந்தார்கள். அவர்களோடு இப்படிக் கதைத்ததில்லை.

ஒன்றை மட்டும் என்னால் செமிக்க முடியவில்லை. சிசிலியைக் கண்ணாலே காணாத அவரிடம் இத்தாலியக் கடவுச்சீட்டு இருந்தது. முப்பது வருசத்துக்கு மேல் இந்த ஊரின் அழுக்கைக் கழுவிய நான் இன்னும் வதிவிட அனுமதித் தாளோடு திரிகிற பெர்மெசோக்காரன். பிரசாவுரிமைக்கு எழுத்துச் சோதனை ஒன்று வைக்கிறார்கள். கபோவில் என்னோடு வாய் கொடுத்து வெல்ல ஆள் இல்லை, ஆனால் தாளைக் கண்டால் என் கை விறைத்துப்போகும். அவருக்கு அதைச் சொன்னேன். "என்ர பாஸ்போட்டை எடுங்கோ கும்பாரி, எனக்கு அது மேசை லாச்சிக்குள்ளை கிடக்குது" என்றார்.

அந்தப் பாஸ்போட்டை லாச்சியால் எடுக்கிற காலம் வந்தது. மருமகள் பிள்ளைத்தாய்ச்சியானாள். தகப்பனுக்குச் சலரோகம், தனிச் சீவியம், மருந்து கிடைக்கிற நாளும் உண்டு, கிடைக்காத நாளும் உண்டு. பிள்ளை பிறக்கமுன் அவரை இங்கே கூப்பிட்டுவிட வேண்டும் என்பதுதான் அவளுடைய ஒரே நினைப்பு. அவரும் சம்மதித்தார். பின்னறையை நானே வெள்ளையடித்தேன். மகன் விமானச் சீட்டுப் போட்டான். மனுசி சீனி போடாமல் பலகாரம் செய்து பார்க்கத் தொடங்கினாள், ஒன்றும் வாயில் வைக்க முடியாது.

அப்போதுதான் அந்த நாட்டில் வாக்கெடுப்பு என்று வந்தது.

அதை அவர்தான் எனக்கு விளங்கப்படுத்தினார். அவர்களுடைய கிழக்கு எல்லைக்கு அங்கால் ஒரு பெரிய காட்டு நிலம், எசெக்கீபோ என்று பெயர். அது பக்கத்து நாடான கயானாவிடம் இருக்கிறது. தங்களுடையதை முந்தி வெள்ளைக்காரன் பிடுங்கி அவர்களிடம் கொடுத்துவிட்டுப் போனான் என்பது இவர்களின் வழக்கு. கோடு எங்கே போகிறது என்று இரண்டு நாட்டுக்கும் கிழவன் கிழவி காலத்திலிருந்தே பிணக்கு. பள்ளிக்கூடத்தில் நாட்டுப்படம் கீறும்போது அந்தத் துண்டை மட்டும் வரிவரியாகக் கோடு போட்டுக் கீறவேண்டுமாம். நிறம் தீட்டக்கூடாதாம். இப்போது அரசாங்கம் சனத்திடம் கேட்கப்போகிறது, இந்த நிலம் எங்கட நாட்டோடு சேரவேண்டுமா என்று. ஐந்து கேள்வி.

"அதுக்கும் நீங்கள் வாறதுக்கும் என்ன?" என்று கேட்டேன்.

"வாக்குப் போடாமல் எப்பிடி வாறது கும்பாரி? சின்னனிலை இருந்து அந்த வரியைக் கீறிக் கீறி என்ர கை உழைஞ்சு போச்சு. போட்டிட்டு வாறன். ஒரு மாசம் பிந்தினால் பேரப்பிள்ளை ஓடியா போகும்?"

மகன் சீட்டைப் பின்போட்டான்.

எனக்கு எரிச்சல். நிலம், கோடு, எல்லை என்றால் எனக்கு வகுப்பெடுக்க ஆள் தேவையில்லை. ஊரில் எங்கட காணியைச் சுற்றி முள்ளுக்கம்பி அடித்த ஆமிக்காரன் என்னிடம் ஐந்து கேள்வி கேட்கவில்லை, ஒரு கேள்வியும் கேட்கவில்லை. அடுத்த ஞாயிறு என் வாய் சும்மா இருக்கவில்லை.

"சம்பந்தி, அந்தக் காட்டுக்கை சனம் இருக்குதோ?"

"இருக்குது. கொஞ்சம்."

"அவை ஆற்றை ஆக்கள்?"

"இங்கிலிஸ் கதைக்கிற சனம். கயானா ஆக்கள்."

"அவையையும் கேக்கினமோ, ஓமோ இல்லையோ எண்டு?"

அவர் முகம் இறுகியது. "நான் உங்களைச் சிநேகிதன் எண்டு நினைச்சன்" என்று சொல்லி வைத்துவிட்டார். அதற்குப் பிறகு இரண்டு ஞாயிறு போனை எடுக்கவில்லை. மருமகள் அழுதாள். மனுசி என்மேல் பாய்ந்தாள்.

"சம்பந்தியோடை ஆரும் வாதாடுவினமே? பொம்பிளையின்ர தகப்பன் அவர். நீங்கள் ஒண்டைச் சொல்ல, அந்தப் பிள்ளை எங்கட வீட்டிலை இருந்து அழுகுது. இனி அவர் சொல்லுறதைக் கேளுங்கோ. உங்கட நியாயத்தைக் கடையிலை கதையுங்கோ."

அவள் சொன்னது சரி. எங்கட முறையில் அது பிழைதான். நானே அவரைத் திரும்பக் கூப்பிட்டு, லொறிக் கதை கேட்டு, சமாதானமானேன். அரசியல் இல்லை.

வாக்குப் போட்ட அன்றைக்கு அவர் ஸ்திரி போட்ட வெள்ளைச் சேட்டோடு போனில் வந்தார். ஐந்துக்கும் ஓம் போட்டாராம். கலியாண மாப்பிள்ளை மாதிரி இருந்தார். நான் என் வாழ்நாளில் எங்கேயும் வாக்குப் போட்டதில்லை. ஊரில் போட வயது வந்தபோது வெளியே இறங்க ஏலாத காலம், இங்கே உரிமை இல்லை. அவருடைய முகத்தைப் பார்க்க எனக்குக் கொஞ்சம் பொறாமையாகத்தான் இருந்தது. பிறகு அந்த நாட்டில் புதுப் படம் வந்தது. அவர் தன் பட்டறைச் சுவரில் ஒட்டி, போனைக் கிட்டப் பிடித்துக் காட்டினார். அந்தத் துண்டில் வரி இல்லை. முழு நிறம்.

"பாத்தியளோ கும்பாரி? முடிஞ்சுது."

"சந்தோசம். எப்ப வாறியள்?"

"வாறன், வாறன்."

பேத்தி பிறந்தாள். அவர் வரவில்லை. முப்பத்தோராம் நாள் துடக்குக் கழித்துப் பெயர் வைத்தபோதும் கதிரையில் போன்தான் இருந்தது. மருமகள் பிள்ளையைப் போனுக்கு முன்னால் பிடித்துக்கொண்டு, "அப்பா, இப்ப வா, இனிமேல் உனக்கு அங்கை என்ன இருக்கு?" என்று கேட்டாள். தன் பாசையில்தான் கேட்டாள், எனக்கு விளங்கியது. அவர் சிரித்து மழுப்பினார்.

அங்கே என்ன இருக்கிறது என்பதைப் பிறகு மகன் எனக்குச் சொன்னான். அவருடைய பட்டினத்துக்கு ஒருத்தன் வந்திருக்கிறான். அரசாங்க ஆள் இல்லை, ஒரு தரகன். புது நிலத்துக்கு ரோட்டுப் போடப் போகிறார்கள், ரோட்டு வந்தால் லொறி வரும், லொறி வந்தால் திருத்த ஆள் வேண்டும், ரோட்டு ஓரமாகத் துண்டு துண்டாக நிலம் பிரித்துத் தருகிறேன், முதலில் வருகிறவனுக்கு முன்துண்டு என்று சொல்லியிருக்கிறான். சம்பந்தி வீட்டையும் பட்டறையையும் விற்று அதை வாங்கப் போகிறார்.

மருமகள் கடைக்கே வந்தாள். கையில் பிள்ளை. சந்தை இரைச்சலில் அவள் சொன்னது எனக்குக் கேட்கவில்லை என்று திரும்பவும் சொன்னாள்.

"பப்பா, நீங்கள் சொல்லுங்கோ. நான் சொன்னால் சின்னப் பிள்ளை எண்டு சிரிக்கிறார். உங்களை அவர் மதிக்கிறவர். இந்த மனுசன் ஒண்டுமில்லாமல் வந்து எல்லாம் செய்தவர், நாடு பறிபோன ஆள், அவருக்குத்தான் தெரியும் எண்டு எனக்கே சொல்லுவார். நீங்கள் வேண்டாம் எண்டால் விட்டிடுவார். வித்தால் திரும்பிப் போக அவருக்கு வீடு இல்லை. இஞ்சை வரவும் வெக்கப்படுவார். எனக்கு அவரைத் தவிர ஆர் இருக்கினம்?"

"சொல்லுறன்" என்றேன். "ஞாயிறு கதைக்கேக்கை கட்டாயம் சொல்லுறன். நீ அழாதை."

எப்படிச் சொல்வது என்று மூன்று நாளாக மனதுக்குள் ஓட்டிப் பார்த்தேன். முதலில் பேத்தியைக் காட்டுவது, பிறகு பின்னறையைக் காட்டுவது, பிறகு மெல்ல, "சம்பந்தி, வரைபடத்திலை நிறம் தீட்டினால் காட்டிலை கிணறு வெட்டினது மாதிரி இல்லை" என்று சொல்வது. அது நல்ல வசனம். நானே யோசித்தது.

அவர் ஞாயிறு வரையும் பொறுக்கவில்லை. வியாழக்கிழமை மத்தியானம் போன் அடித்தது. மருமகள் வேலையில், மகனும் வேலையில், மனுசி பிள்ளையைக் குளிக்க வார்த்துக்கொண்டிருந்தாள். எடுத்தால் அவர் தொப்பி போட்டு, தோளில் பையோடு, தன் வாசல்படியில் நிற்கிறார். பின்னால் கதவு பூட்டியிருக்கிறது. கையில் திறப்பு. ஒரு லொறி உறுமிக்கொண்டு நிற்கிறது.

"கும்பாரி, இண்டைக்குத்தான் கைச்சாத்து. திறப்பை அவையிட்டைக் குடுத்திட்டு அப்பிடியே போறன். உங்கட வாயாலை ஒரு நல்ல வார்த்தை சொல்லுங்கோ. நீங்கள் கை வைச்சதெல்லாம் துலங்கினது."

எங்கட சனத்துக்கு இதை விளக்கத் தேவையில்லை, ஆனாலும் எழுதுகிறேன், ஏனென்றால் மருமகளுக்கு இன்றைக்கு வரையும் விளங்கவில்லை. ஒருத்தர் ஒரு காரியத்துக்கென்று வெளிக்கிட்டுப் படி இறங்கிவிட்டால் அவரை மறிக்கக்கூடாது. எங்கே போகிறீர்கள் என்றுகூடக் கேட்கக்கூடாது. வேண்டாம், சரிவராது, நட்டம் என்று அந்த நேரத்தில் வாயைத் திறந்தால், பிறகு அங்கே என்ன நடந்தாலும் அந்த வாய்தான் காரணம். பெற்ற தகப்பன் என்றாலும் சொல்லமாட்டான். அவர் எனக்குச் சம்பந்தி. அதுவும் நல்ல வார்த்தை கேட்டுக்கொண்டு நிற்கிற சம்பந்தி. அந்தக் கிணற்று வசனம் தொண்டை வரையும் வந்தது. படியில் நிற்கிற ஆளைப் பார்த்து அதைச் சொல்ல என்னால் முடியவில்லை.

ஒன்று செய்தேன். எங்கட முறையில் செய்யக்கூடியது அது ஒன்றுதான்.

"சம்பந்தி, கொஞ்சம் இருங்கோ. ஒரு வாய் தண்ணி குடிச்சிட்டுப் போங்கோ."

எங்கட ஆள் என்றால் அந்த இடத்தில் துணுக்குற்றிருப்பான். பெரியவர் போகிறவனை இருத்தித் தண்ணி குடிக்கச் சொல்கிறார் என்றால் சகுனம் சரியில்லை, இன்னொருக்கா யோசி என்று அர்த்தம் என்பது அவனுக்குத் தெரியும். பையை இறக்கி வைத்துவிட்டு உள்ளே திரும்பியிருப்பான். என் சம்பந்தி பையைத் தடவி ஒரு போத்தலை எடுத்து, நின்றபடியே மடக்மடக்கென்று குடித்து, வாயைத் துடைத்தார்.

"குடிச்சிட்டன். இனிச் சொல்லுங்கோ."

"நல்லா வரும். போயிட்டு வாங்கோ" என்றேன்.

அவர் தொப்பியைக் கழற்றிக் கும்பிட்டார், நாங்கள் கலியாணத்தில் காட்டிக்கொடுத்த மாதிரி, இரண்டு கையையும் சேர்த்து. லொறியில் ஏறினார்.

பின்னேரம் மருமகள் வந்து கேட்டபோது நடந்ததைச் சொன்னேன். ஒன்றையும் மறைக்கவில்லை. அவள் கதிரையில் இருந்தாள். சப்பாத்துக்கூடக் கழற்றவில்லை.

"நல்லா வரும் எண்டு சொன்னீங்களா?"

"படியிலை நிண்ட மனுசனுக்கு வேறை என்னத்தைப் பிள்ளை சொல்லுறது?"

"வேண்டாம் எண்டு. வேண்டாம் எண்டு சொல்லியிருக்கலாம்."

"தண்ணி குடிக்கச் சொன்னனான்."

அவள் என்னைப் பார்த்த பார்வையை எழுத எனக்குத் தமிழ் காணாது. உடனே தகப்பனுக்கு அடித்தாள். அடித்துக்கொண்டே இருந்தாள். அவர் எடுத்தபோது அங்கே எல்லாம் முடிந்து, வீட்டுத் திறப்பு வேறு ஆளிடம் போய்விட்டது. கும்பாரி நல்ல வார்த்தை சொன்னவர், நீ பயப்படாதே என்று மகளுக்குப் புத்தி சொன்னாராம்.

நிலம் இருந்த இடத்தில் நிலம் இல்லை. அதாவது காடு இருந்தது, ஆறு இருந்தது, ஆற்றுக்கு அங்கால் முந்தி மாதிரியே அந்தச் சனமும் அவர்களுடைய நாடும் இருந்தன. வரைபடத்தில் நிறம் மாறியதைக் காட்டுக்கு ஆரும் போய்ச் சொல்லவில்லை. ரோட்டு வரவில்லை. அவரை மாதிரி வந்த கொஞ்சப் பேர் எல்லைக்கு இங்கால் தறப்பாள் கட்டிக்கொண்டு, இந்தா வருகிறது என்று இருந்தார்கள். தரகனைக் காணவில்லை. முதலில் சம்பந்தி ஞாயிறு தோறும் எடுத்தார். சிக்னல் உள்ள மேட்டுக்கு ஏறி நின்று, மழை முடிய வேலை தொடங்கும் என்பார். ஒவ்வொரு முறையும் முகம் ஒட்டிக்கொண்டு வந்தது. மருந்து இருக்கிறதோ என்று கேட்டால் லொறிக் கதைக்குத் திரும்புவார். நானும் திரும்புவேன். பொய் சொல்கிறார் என்று எனக்குத் தெரியும், எனக்குத் தெரியும் என்று அவருக்கும் தெரியும், ஆனாலும் இரண்டு பேரும் முந்தி மாதிரி வீரம் பேசினோம். பிறகு மாதத்தில் ஒருக்கா. பிறகு அதுவும் இல்லை.

இங்கேயும் ஒரு வாக்கெடுப்பு வந்தது. எங்களைப் போன்றவர்களுக்குப் பிரசாவுரிமை எடுக்கிற வருசத்தைக் குறைக்கலாமோ என்று நாட்டைக் கேட்டார்கள். எழுத்துச் சோதனை அப்படியே இருக்கும், ஆகவே எனக்கு அதால் ஒன்றும் இல்லை. ஆனாலும் கடைக்கு வருகிற, வாக்குள்ள ஒவ்வொருத்தரிடமும் போடுங்கோ என்று சொன்னேன். "ஓம் போடுவம்" என்று எல்லாரும் தலையாட்டினார்கள். அந்த ஞாயிறு நல்ல வெயில். சனம் துவாயும் குடையுமாக மொந்தெல்லோக் கடற்கரைக்குப் போய்விட்டது. போதிய ஆட்கள் போடாததால் அந்த வாக்கெடுப்பே செல்லாமல் போனது. அங்கே ஒரு மனுசன் ஐந்து தரம் ஓம் போட்டுவிட்டு வீட்டைத் தொலைத்தான். இங்கே ஒருத்தரும் எங்களுக்கு இல்லை என்றுகூடச் சொல்ல மினக்கெடவில்லை. மகன் போட்டுவிட்டு வந்தான். மருமகளும் போடலாம், அவள் இத்தாலியப் பிரசை. போகவில்லை. "அந்தப் பெட்டியைக் கண்டால் எனக்குச் சத்தி எடுக்க வரும்" என்றாள்.

என்னோடு அவள் கதைக்காமல் இல்லை. சாப்பிட்டீங்களா, மருந்து போட்டீங்களா, கேட்பாள். பேத்தியை என் மடியில் இருத்திவிட்டுத்தான் வேலைக்குப் போவாள். ஆனால் பப்பா என்று கூப்பிடுவதில்லை. ஒன்றும் சொல்லிக் கூப்பிடுவதில்லை. நான் திரும்பிப் பார்க்கும் வரையும் நிற்பாள்.

போன கிழமை அவளுக்கு ஒரு குரல்செய்தி வந்தது. தகப்பனைத் தெரிந்த ஒரு லொறிக்காரன் அனுப்பியது. சமையலறை மேசையில் போனை வைத்து, ஒவ்வொரு துண்டாக நிறுத்தி நிறுத்தி எங்களுக்கு இத்தாலியனில் சொன்னாள். குரல் நடுங்கவில்லை. காட்டுக்குள் தங்கம் கிண்டுகிற ஒரு மண் கிடங்கில் அவர் இருக்கிறாராம். தண்ணி இறைக்கிற இயந்திரத்தைச் சாப்பாட்டுக்குத் திருத்திக் கொடுக்கிறாராம். ஒரு காலில் புண், செருப்புப் போட ஏலாதாம். லொறிக்காரன் தன்னோடு வரச் சொல்லிக் கேட்டிருக்கிறான். பாஸ்போட் இருக்கிறது, மகள் சீட்டு அனுப்புவாள், பெரிய பட்டினம் வரைக்கும் நான் ஏற்றிக்கொண்டு போகிறேன் என்று. அவர் மாட்டேன் என்றாராம்.

"ஏனாம்?" என்று மனுசி கேட்டாள்.

மருமகள் அந்தத் துண்டை இன்னொருக்கா போட்டுக் கேட்டாள். பிறகு சொன்னாள்.

"கும்பாரிக்கு முன்னாலை எந்த முகத்தோடை போய் நிக்கிறது எண்டு கேட்டவராம். அந்த மனுசன் ஒண்டுமில்லாமல் வந்து கடை வைச்சிருக்கிறார், வீடு வைச்சிருக்கிறார், நான் எல்லாம் இருந்து ஒண்டுமில்லாமல் போய் அவற்றை வீட்டிலை குந்தியிருந்து சாப்பிடுறதோ எண்டு. என்னைத் தேட வேண்டாமாம்."

பேத்தி மேசைக்குக் கீழே கரண்டியால் தட்டிக்கொண்டிருந்தாள்.

வந்து இறங்கிய நாளிலிருந்து எனக்கு வழி தெரியாத இடம் என்று ஒன்று இருந்ததில்லை. பெர்மெசோ கொடுக்கிற பொலிஸ் கந்தோரான குவெஸ்தூராவில் மூன்று வருசம் இழுபட்டுக் கிடந்த ஆட்களின் காரியத்தை நான் போய் நின்று முடித்துக் கொடுத்திருக்கிறேன். ஆகவே எழும்பினேன்.

"நான் போறன். விசா எடுத்து நானே போய் ஆளைக் கையிலை பிடிச்சுக் கூட்டிக்கொண்டு வாறன். என்னோடை கதைச்சால் வருவார்."

மருமகள் போனைக் குப்புற வைத்தாள். கோபமாகச் சொல்லவில்லை. களைத்துப்போய்ச் சொன்னாள்.

"நீங்கள் போகாதேங்கோ. உங்களைக் கண்டால் அப்பா காட்டுக்குள்ளை இன்னும் உள்ளுக்குப் போவார்."

நான் திரும்பக் கதிரையில் இருந்துவிட்டேன். மகன் என் முகத்தைப் பார்த்தான், அப்பா ஏதும் சொல்லுவார் என்று. அவள் சொன்னது உண்மை. அந்தக் கிடங்கில் நான் நின்று, அவர் வெள்ளைச் சேட்டோடு என்னைத் தேடி வந்திருந்தால், நானும் உள்ளுக்குத்தான் போயிருப்பேன்.